தேர்வாளர் பொறுப்பு வேண்டாம்: சல்மான் பட்டுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய சல்மான் பட் அவர்களுக்கு,

வணக்கம். 2023 டிசம்பரில் பாகிஸ்தான் கிரிக்கெட் வாரியம், அந்நாட்டு அணியின் முன்னாள் தலைவரான உங்களைத் தலைமைத் தேர்வாளர் வஹாப் ரியாஸின் ஆலோசகர்களில் ஒருவராக அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழவே, உடனடியாக அந்த நியமனத்தைத் திரும்பப் பெற்றது. 2010 லார்ட்ஸ் டெஸ்டில் பணத்துக்காக வேண்டுமென்றே நோ-பால் (விதிமீறிய பந்து) வீசச் செய்த குற்றத்துக்காகச் சிறைத் தண்டனையையும் ஆடுவதற்கான தடையையும் அனுபவித்து முடித்த ஒருவரை இன்னும் எத்தனை காலத்துக்குத் தள்ளி வைப்பது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

தடை நீங்கி 2016 ஜனவரியில் பாகிஸ்தானின் நீர், மின் ஆணையமான வாப்டாவின் அணிக்காகக் களமிறங்கிய முதல் ஆட்டத்திலேயே நீங்கள் 135 ஓட்டங்கள் எடுத்தீர்கள். ஆடவும், வர்ணனை செய்யவும், கிரிக்கெட்டால் பிழைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இளம் வீரர்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் இடத்தில் நீங்கள் அமரக் கூடாது என்பதே என் கருத்து. அதற்குக் காரணம் பணமோ நோ-பாலோ அல்ல, உங்கள் தலைமையில் ஆடிய இளம் வேகப்பந்து வீச்சாளர் முகமது ஆமிர்.

2010 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்ட் தொடங்கியபோது உங்களுக்கு வயது 25, ஆமிருக்கு 18. முந்தைய மாதம்தான் உங்கள் தலைமையில் பாகிஸ்தான், ஹெடிங்லியில் ஆஸ்திரேலியாவை 88 ஓட்டங்களுக்குச் சுருட்டி, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அணியை ஒரு டெஸ்டில் வென்றிருந்தது. லார்ட்ஸில் ஆமிர் 84 ஓட்டங்கள் கொடுத்து 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இங்கிலாந்தின் நடுவரிசையை நிலைகுலையச் செய்த அதே பந்துவீச்சில்தான், சூதாட்டத் தரகர் மஸ்ஹர் மஜீத் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த இரண்டு நோ-பால்களும் இருந்தன. இன்னொன்றைச் சக பந்துவீச்சாளர் முகமது ஆசிஃப் வீசினார். அந்த ஆறு விக்கெட்டுகளை இன்றைக்கும் மனம் ஒன்றி ரசிக்க முடியவில்லை என்பது எனக்குப் பெரும் வேதனை.

ஓர் ஆட்டத்தையே தோற்றுக் கொடுக்க வேண்டுமென்றால் பலரை வளைக்க வேண்டும். ஆட்டத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் பணத்துக்காக முன்கூட்டியே திட்டமிடும் ஸ்பாட் ஃபிக்ஸிங்குக்கு அது தேவையில்லை: எந்த ஓவரை யார் வீசுவது என்று முடிவு செய்யும் அணித்தலைவரும், அவர் சொல்லைத் தட்ட முடியாத ஒரு பந்துவீச்சாளரும் போதும். 2011 நவம்பரில் லண்டன் சதர்க் நீதிமன்றத்தில் தண்டனை அறிவித்த நீதிபதி குக், இந்தச் செயலை ஏற்பாடு செய்து நடத்தியவர் நீங்களே என்றும், வறுமையான பின்னணியிலிருந்து வந்த இளைஞரை அதில் இழுத்துவிட்டவர் நீங்களே என்றும் தெளிவாகக் கூறினார். உங்களுக்கு முப்பது மாதங்கள், ஆமிருக்கு ஆறு மாதங்கள். அவர் விசாரணைக்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீங்களோ கடைசிவரை மறுத்து, விளையாட்டுத் தீர்ப்பாயத்தில் செய்த மேல்முறையீடும் தோற்ற பிறகு, 2013இல்தான் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டீர்கள்.

அணித்தலைவருக்குப் பதினொரு பேர் மீது அதிகாரம் என்றால், தேர்வாளருக்கோ அணிக்குள் வரத் துடிக்கும் நூற்றுக்கணக்கானவர்கள் மீது அதிகாரம். குஜர்கான் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஆமிர் வந்ததைப் போல, பந்தை மட்டுமே நம்பி வரும் பையன்களுக்குத் தேர்வாளரின் சொல் ஆணையாகத்தான் இருக்கும். நீங்கள் மீண்டும் தவறு செய்வீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை அப்படிப்பட்ட நம்பிக்கையைக் காசாக்கியவரிடம் அதே வகை அதிகாரத்தை ஒப்படைக்கும் வாரியம், அந்தப் பையன்களின் பாதுகாப்பைப் பெரிதாக எண்ணவில்லை என்றுதான் பொருள்.

ஆகவே, இனி இத்தகைய பொறுப்பு தேடி வந்தால், எதிர்ப்பு கிளம்பும் வரை காத்திராமல் நீங்களே மறுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, வயதுவாரி அணிகளின் முகாம்களுக்குச் சென்று, மஜீத் உங்களை எப்படி அணுகினார், எந்தக் கட்டத்தில் விலகியிருக்க முடிந்தது, ஆமிரிடம் அதை எப்படிக் கொண்டு சென்றீர்கள் என்பதை ஒன்றையும் மறைக்காமல் விளக்குங்கள். பதினெட்டு வயதுப் பந்துவீச்சாளர் ஒருவர் தன் அணித்தலைவரிடம் மறுப்புச் சொல்ல என்ன தேவைப்படும் என்பதை உங்களைவிட நன்றாக விளக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே.

இப்படிக்கு,
ஒரு கிரிக்கெட் ரசிகன்