'கேஸ் உண்டு' என்றால் போதாது, அழுத்தம் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிஎன்ஜி (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) காரில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு வரும் தொல்லைகளில் பாதி, பங்க் வாசலில் தொங்கும் 'சிஎன்ஜி உண்டு' என்ற பலகையில்தான் தொடங்குகிறது. கேஸ் இருக்கிறது, சரி. எந்த அழுத்தத்தில் இருக்கிறது? பெட்ரோலுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. 30 லிட்டர் கேட்டால் 30 லிட்டர் வந்துவிடும். கேஸ் அப்படியல்ல. 60 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டர் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் ஏறத்தாழ 9 கிலோ பிடிக்கும். 140 பாரிலேயே நாசிலைக் கழற்றிவிட்டால் 6 கிலோ சொச்சம்தான். கிலோவுக்கு 25 கிலோமீட்டர் ஓடும் காருக்கு இது 60, 70 கிலோமீட்டர் வித்தியாசம். வழியில் அடுத்த பங்க் எங்கே என்று தேடவைப்பது இந்த வித்தியாசம்தான்.

அழுத்தம் ஏன் குறைகிறது? கம்ப்ரசர் அழுத்தித் தரும் கேஸைப் பங்கில் சுமார் 250 பாரில் சிலிண்டர் அடுக்குகளில் சேர்த்து வைக்கிறார்கள். காரில் ஏற்றும்போது முதலில் குறைந்த அழுத்தமுள்ள அடுக்கு திறக்கும், பிறகு நடு அடுக்கு, கடைசியில் உயர் அடுக்கு. இரண்டு பக்கமும் அழுத்தம் சமமானதும் ஓட்டம் நின்றுவிடும். நமக்கு முன்னால் நாலைந்து பேருந்துகள் நிரப்பிக்கொண்டு போயிருந்தால் உயர் அடுக்கே 160-க்கு இறங்கியிருக்கும். அதற்கு மேல் நாசில் பிடிக்கும் ஊழியரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. கம்ப்ரசர் மறுபடி ஏற்றும்வரை காத்திருப்பதுதான் வழி. குழாய்வழி கேஸ் வரும் பங்காக இருந்தால் கால் மணி, அரை மணியில் அழுத்தம் தேறும். லாரியில் அடுக்கு வந்து இறங்கும் பங்காக இருந்தால், அடுத்த லாரி வரும்வரை தேறவே தேறாது. எது எந்த வகை என்று தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்வது வரைபடத்தில் புள்ளி வைப்பதைவிட உபயோகமானது. விடியற்காலை நல்ல நேரம்: அடுக்குகள் நிறைந்திருக்கும், காற்றும் குளிர்ந்திருக்கும்.

குளிர்ச்சிக்கும் இதில் பங்குண்டு. வேகமாக ஏற்றும்போது சிலிண்டருக்குள் கேஸ் சூடாகிறது. மானி 200 காட்டும். கார் சற்று நின்று ஆறியதும் 180 காட்டும். லீக் என்று பதறி மெக்கானிக்கைத் தேட வேண்டாம். நிறைந்த சிலிண்டரில் ஒரு டிகிரி வெப்பம் இறங்கினால் ஏறத்தாழ 1 பார் இறங்கும். இரவில் நிறுத்திய கார் காலையில் குறைத்துக் காட்டுவதும் இதனால்தான். மறுபடி வெயில் ஏறியும் முள் பழைய இடத்துக்கு வராமல் நாளுக்கு நாள் இறங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆகவே பயணக் கணக்கை, கேஸ் அளவைக் காட்ட டாஷ்போர்டில் எரியும் நாலு விளக்கை வைத்துப் போடாதீர்கள். ரசீதில் எத்தனை கிலோ ஏறியது என்று பாருங்கள். 7 கிலோ ஏறியிருந்தால், 25 கிலோமீட்டர் மைலேஜில் 175 வரும். அதில் முக்கால் பங்கை, அதாவது 130-ஐ மட்டும் நம்புங்கள். அதற்குள் ஒரு பங்க், அது கைவிட்டால் எட்டிப்பிடிக்க இன்னொன்று என்று இரண்டாகக் குறித்துக்கொள்ளுங்கள். மேடேறும் சாலை, கூரையில் மூட்டை, எதிர்க்காற்று என்று வந்தால் இன்னும் குறையுங்கள்.

பெட்ரோலும் உள்ள கார்களில் பலர் பெட்ரோல் டேங்கைக் காயவிட்டு விடுகிறார்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலில் மூழ்கித்தான் சூடு தணிகிறது, வறண்டால் எரிந்துபோகும். கால் டேங்காவது எப்போதும் இருக்கட்டும். நாள்தோறும் சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டினால் இன்ஜெக்டர்களில் பிசின் படியாது. கேஸ் உள்ளே போகும் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் இழுவை ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். செங்குத்தான ஏற்றத்திலும், எதிர்வண்டி வரும் இருவழிச் சாலையில் முந்தும்போதும் இது கண்கூடாகத் தெரியும். முந்துவதற்கு முன்பே சுவிட்சைப் பெட்ரோலுக்கு மாற்றுங்கள், பாதியில் அல்ல.

கிளம்புமுன் பார்க்க வேண்டியவற்றில் இரண்டை யாரும் பார்ப்பதில்லை. ஒன்று, கேஸ் ஏற்றும் வாயின் ஓ-ரிங். விரல்நுனி அகலம்கூட இல்லாத அந்த ரப்பர் வளையம் கிழிந்தாலோ தூசி ஒட்டினாலோ நாசிலை மாட்டியதும் 'உஸ்' என்று சீறும். ஊழியர் ஏற்ற மறுப்பார், மறுப்பதே சரி. அதே அளவில் இரண்டு வளையங்கள் காரில் இருக்கட்டும். அந்த வாயின் மூடியோடு ஒரு சிறு சுவிட்ச் இருக்கும் கார்கள் உண்டு; மூடி சரியாக அமராவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி போய்விட்டதென்று வண்டியைத் தள்ளுவதற்கு முன் மூடியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

இரண்டாவது, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் கருவியான ரெகுலேட்டர் 200 பாரை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவரும்போது கேஸ் கடுமையாகக் குளிர்ந்துவிடும். அதைச் சூடாக வைத்திருப்பது இன்ஜினிலிருந்து வரும் கூலன்ட்தான். கூலன்ட் குறைந்தால் ரெகுலேட்டரின் மேல் பனி படிந்து, வண்டி திணறி, தானே பெட்ரோலுக்கு மாறிவிடும். கேஸில் மட்டும் உதறி, பெட்ரோலில் சீராக ஓடினால் முதலில் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் பாருங்கள். கேஸைப் பற்றவைக்க அதிக வோல்டேஜ் வேண்டும் என்பதால் தேய்ந்த பிளக் அங்கேதான் முதலில் கைவிடும்.

டிக்கியில் சிலிண்டர் இருந்தால் அதன் வால்வைச் சூட்கேஸ்களுக்கு அடியில் புதைக்காதீர்கள். கேஸ் வாசனை வந்தால் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, கதவுகளைத் திறந்துவிட்டு அந்த வால்வை மூட வேண்டும். மூட்டை இறக்க நேரமிருக்காது. சிஎன்ஜியில் பெரும்பங்கு மீத்தேன்; அது காற்றைவிட லேசு, திறந்தவெளியில் மேலே போய்விடும். தரையோடு தங்கும் எல்பிஜியோடு இதைக் குழப்ப வேண்டாம். ஆனால் கூரை தாழ்ந்த மூடிய ஷெட்டில் மேலேயே தேங்கும். அங்கே காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். சில சுரங்கப் பாதைகளும் படகுகளும் கேஸ் வண்டிகளை ஏற்பதில்லை. வழி குறிக்கும்போதே விசாரியுங்கள். நாடு விட்டு நாடு போகிறவர்கள் நாசில் வகையையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 250 பார் நாசில் 200 பார் வாயில் பொருந்தாதபடி வேண்டுமென்றே செய்யப்பட்டிருக்கிறது. அடாப்டரைக் கொண்டு அதை ஏமாற்றப் பார்ப்பது மடத்தனம்.

பங்க் நடத்துவோரிடம் எங்கள் கோரிக்கை சிறியது. அழுத்தமானி உங்கள் கண்ணெதிரேதான் இருக்கிறது. மணிக்கொரு முறை அந்த எண்ணையும், அடுத்த லாரி வரும் நேரத்தையும் வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதுங்கள். '11 மணி, 150 பார், லாரி 1 மணிக்கு' என்று இருந்தால், வரிசையில் நிற்பதா, மேலே போவதா என்று வருகிறவரே முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
கேஸ் வண்டி மெக்கானிக்குகள் சிலர்