பள்ளி லேப்டாப்பில் தெரியும் சாம்பல் கட்டம் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கோகோ அணியும் பேச்சுப் போட்டிக்குப் போன பிள்ளைகளும் பள்ளிக்குப் பெருமை சேர்த்தார்கள். ரேங்க் கார்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், லேப்டாப் விஷயம். ஏழாம் வகுப்புக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய லேப்டாப்களில், பாடப் பக்கத்தின் நடுவே ஒரு சாம்பல் கட்டம் வருகிறது. உள்ளே மூஞ்சியைத் தொங்கப்போட்ட ஒரு தாள் படம், இணைப்பு மறுக்கப்பட்டது என்கிற மாதிரி ஒரு வரி. "சார், லேப்டாப் போயிடுச்சா?" என்று பலரும் போன் செய்கிறீர்கள். அது நன்றாகத்தான் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு விளம்பரம் வந்திருக்கும், நாங்கள் தடுத்திருக்கிறோம். விளம்பரம் அனுப்பும் முகவரிகளை லேப்டாப்பில் இருக்கும் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 127.0.0.1 என்று போட்டு வைத்திருக்கிறோம். அந்த எண் அதே லேப்டாப்பைக் குறிப்பது. இணையப் பக்கங்களைக் காட்டும் பிரவுசர், விளம்பரத்தைத் தேடி வெளியே போகாமல் தன் வீட்டுக் கதவையே தட்டுகிறது. உள்ளே பதில் சொல்ல ஆளில்லை. அதைத்தான் பிழை என்று காட்டுகிறது.

போன வாரம் ஒரு மாணவி, "எரர் சரியாயிடுச்சு சார்" என்று சந்தோஷமாக லேப்டாப்பை நீட்டினாள். வெளியே கடையில் கொடுத்திருக்கிறார்கள். கோப்பைத் திறந்து பார்த்தால் நாங்கள் எழுதியதில் ஒரு வரிகூட மிச்சமில்லை. கட்டம் போய்விட்டது, உண்மைதான். ஒளிச்சேர்க்கைப் படத்துக்குப் பக்கத்தில், ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாக ஒரு விளம்பரம் மின்னிக்கொண்டிருந்தது. அவளுக்கு வயது பன்னிரண்டு.

இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பள்ளி லேப்டாப்பை வெளிக் கடையில் கொடுக்கக் கூடாது. இனிமேல் தடுப்பை நீக்கினால் அந்த லேப்டாப் வீட்டுக்கு வராது. பிள்ளை பள்ளியில் வைத்துத்தான் பயன்படுத்த முடியும்.

சரி, கட்டம் கண்ணை உறுத்துகிறது என்பதும் நியாயம்தான். தடுப்பை எடுக்காமலே அதை மறைக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் என்ற பிரவுசரில் யூபிளாக் ஆரிஜின் என்ற இலவச நீட்சியை (பிரவுசரோடு சேர்க்கும் சிறு மென்பொருள்) போட்டால், விளம்பரத்தைக் கேட்கும் முன்பே நிறுத்தி, அதற்கு ஒதுக்கிய இடத்தையும் பெரும்பாலும் மூடிவிடும். மிஞ்சுகிற கட்டத்தின் மேல் வலது கிளிக் செய்து, பிளாக் எலிமென்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து நீக்கலாம். முதலில் ப்ரிவ்யூ பாருங்கள்; அவசரத்தில் பாடப் படத்தையும் சேர்த்து மறைத்துவிடக் கூடாது. முழுப் பக்கமும் தடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தால் மட்டும் அதை மறைக்க வேண்டாம். எந்தத் தளம் தடுக்கப்பட்டது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பாடத்துக்குத் தேவையான தளமாக இருந்தால் எங்களிடம் சொல்லட்டும், திறந்துவிடுகிறோம்.

இதெல்லாம் சிரமமாகத் தோன்றினால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லேப்டாப்போடு கம்ப்யூட்டர் லேபுக்கு வாருங்கள். ஆசிரியர்கள் உடன் உட்கார்ந்து செய்து தருவார்கள், கட்டணம் எதுவும் இல்லை. ஏற்கெனவே தடுப்பு நீங்கிய லேப்டாப்பையும் தயங்காமல் கொண்டுவாருங்கள். பழையபடி எழுதித் தருகிறோம்.

வேலைக்கு நடுவிலும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கட்டமே உங்கள் கண்ணில் பட்டது. அதற்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்