வினாடி வினா விவாதம் வெட்டிப் பேச்சு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சி வினாடி வினாவில் வந்த ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் வாதாடுகிறவர்களைப் பற்றி ஒரு வாசகர் உங்கள் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார். வேலை இல்லாதவர்கள் செய்கிற காரியம் அது என்பது அவர் கருத்து. அப்படி வாதாடுகிறவர்களில் நானும் ஒருத்தி. முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவள். வகுப்பில் எத்தனையோ வினாடி வினா நடத்தியிருக்கிறேன். அந்த வாசகருக்கு என் பக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இப்போது அமெரிக்காவில் மகன் வீட்டில் இருக்கிறேன். வார நாள்களில் சாயங்காலம் ஆனால் நானும் பேரனும் 'ஜெப்பர்டி' பார்க்க உட்கார்ந்துவிடுவோம். அதைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தொகுப்பாளர் கேள்வி கேட்பதில்லை, ஒரு குறிப்பை வாசிப்பார். அந்தக் குறிப்பு யாரை அல்லது எதைச் சொல்கிறது என்று கண்டுபிடித்து, 'அவர் யார்?', 'அது எது?' என்று கேள்வி வடிவத்திலேயே விடை சொல்ல வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு மொத்தம் 61 குறிப்புகள். விடை தப்பினால் அந்தக் குறிப்புக்கு உரிய தொகை கணக்கிலிருந்து கழிந்துவிடும். குறிப்பை வாசித்து முடிப்பதற்குள் பஸ்ஸரை அழுத்தினால் அது கால் விநாடி வேலை செய்யாது. அந்தக் கால் விநாடியில் பக்கத்தில் நிற்பவர் முந்திவிடுவார். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் கடைசிவரை காதில் வாங்கியாக வேண்டும். குறிப்பில் ஒரு சொல் பிசகினால் அடி வாங்குவது போட்டியாளர்தான்.

இந்த நிகழ்ச்சி பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வினாடி வினாக்களுக்குப் பெரிய மவுசு. அவற்றில் சிலவற்றில் போட்டியாளர்களுக்கு விடைகளை முன்பே சொல்லிக்கொடுத்து ஆடவைத்திருக்கிறார்கள் என்பது பிறகு அம்பலமானது. 'ட்வென்டி ஒன்' என்ற நிகழ்ச்சியில் ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்பவரை, அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விடையைத் தவறாகச் சொல்லித் தோற்கும்படி செய்தார்கள். விஷயம் நாடாளுமன்ற விசாரணைவரை போய், 1960இல் அப்படி ஏற்பாடு செய்து ஆடுவதைத் தடுக்கச் சட்டமே வந்தது. அப்புறம் வினாடி வினா என்றாலே மக்களுக்குச் சந்தேகம். அந்தச் சமயத்தில்தான் பின்னாளில் ஜெப்பர்டியை உருவாக்கிய மெர்வ் கிரிஃபினிடம் அவருடைய மனைவி ஜூலன் ஒரு யோசனை சொன்னார். விடையை நாமே கொடுத்துவிட்டுக் கேள்வியை அவர்களிடம் கேட்டால் என்ன? அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது 5,280. அதற்குரிய கேள்வி, ஒரு மைலுக்கு எத்தனை அடி? 1964இல் நிகழ்ச்சி தொடங்கியது. ரசிகர்கள் நடுநிலை பற்றி இவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் இப்படி ஒரு பழைய காயம் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2022 நவம்பரில் நான் இங்கே வந்திருந்தபோது ஜெப்பர்டியில் வெற்றியாளர்களுக்கான தொடர் நடந்தது. ஓர் ஆட்டத்தின் கடைசிக் குறிப்பு பைபிளின் பிற்பகுதியான புதிய ஏற்பாட்டைப் பற்றியது. அதில் பல நிருபங்களை, அதாவது கடிதங்களை, எழுதியவர் பவுல். பவுல் இவர்களுக்கு எழுதிய நிருபத்தில்தான் பழைய ஏற்பாட்டு மேற்கோள்கள் மிக அதிகம், யார் இவர்கள்? முப்பது விநாடிக்குள் எழுத வேண்டும். போட்டியாளர்களில் சாம் பட்ரி 'ரோமர்' என்று எழுதினார், தவறு என்றார்கள். ஏமி ஷ்னைடர் 'எபிரெயர்' என்று எழுதினார், சரி என்றார்கள்.

நிகழ்ச்சி முடிந்து சிறிது நேரத்தில் சம்பந்தி அம்மாவிடமிருந்து தொலைபேசி. தினமும் வேதம் வாசிக்கிறவர், வாசிப்பதை நோட்டில் எழுதி வைக்கிறவர். அவரும் தன் வீட்டில் அதைப் பார்த்திருக்கிறார். "எபிரெயருக்கு எழுதினது பவுல்னு யார் சொன்னது? ரோமருக்கு எழுதினதை எடுத்துப் பாருங்க, ஆரம்பத்திலேயே பவுல் பேர் இருக்கு. எபிரெயரில் எழுதினவர் பேரே கிடையாது" என்றார். எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னபடியேதான் இருந்தது. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிகன் என்ற அறிஞரே, இதை எழுதியது யார் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அது பவுல் எழுதியது அல்ல என்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தின் பழைய கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் அந்த நிருபத்தின் தலைப்பிலேயே பவுலின் பெயர் இருக்கிறது. குறிப்பை எழுதியவரின் கையிலும் ஓர் ஆதாரம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போதாததற்கு, மேற்கோள் என்று எதை எண்ணுவது என்பதைப் பொறுத்துக் கணக்கும் மாறும். நேரடியாக எடுத்தாண்ட வரிகள் மட்டுமா, சாடையாக வருவதும் சேர்த்தியா?

அன்று இரவு நாங்கள் இருவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். நான் இந்து, அவர் கிறிஸ்தவர். பிள்ளைகளுக்குத் திருமணம் ஆகி அத்தனை வருடங்களில் அவருடைய வேதத்தைப் பற்றி நான் அவரிடம் அவ்வளவு கேட்டது அதுவே முதல் தடவை. உங்கள் வாசகர் இதை வீண் பொழுது என்பாரா?

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். ரசிகர்கள் எழுப்புகிற எல்லாப் புகாரும் நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். 2018இல் ஒரு போட்டியாளர் 'கேங்ஸ்டாஸ் பாரடைஸ் லாஸ்ட்' என்று சொல்ல வேண்டியதை 'கேங்ஸ்டர்ஸ்' என்று 'ர்' சேர்த்துச் சொன்னார். 'கேங்ஸ்டாஸ் பாரடைஸ்' என்ற பாடலின் பெயரையும் ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' என்ற காவியப் பெயரையும் ஒட்டிச் சொல்ல வேண்டிய குறிப்பு அது. முதலில் சரி என்று ஏற்றார்கள். பிறகு, இரண்டும் அகராதியில் தனித்தனிச் சொற்கள், பாடலின் பெயரில் 'ர்' இல்லை என்று நடுவர்கள் மாற்றிவிட்டார்கள். அவர் கணக்கில் 3,200 டாலர் குறைந்தது. இதற்கும் ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்கு நம் ழகரம் நினைவுக்கு வந்தது. 'பழம்' என்பதைப் 'பளம்' என்று சொல்கிற பிள்ளையின் விடையை நான் தவறு என்று சொன்னதில்லை, அவன் எதைச் சொல்கிறான் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் 'வாளை' என்றால் மீன், 'வாழை' என்றால் மரம். அந்த இடத்தில் அவனைத் திரும்பச் சொல்லச் சொல்வேன்.

அதற்கு முன்பு, 2013இல், சிறுவர்களுக்கான வாரத்தில் 12 வயதுப் பையன் ஒருவன் அடிமை விடுதலைப் பிரகடனத்தின் ஆங்கிலப் பெயரை எழுதும்போது நடுவில் ஒரு 't' கூடுதலாகப் போட்டுவிட்டான். எழுத்துப் பிழை இருக்கலாம், ஆனால் படித்தால் உச்சரிப்பு மாறக் கூடாது என்பது விதி. அந்த எழுத்தால் உச்சரிப்பு மாறியது, விடை போயிற்று. இந்தப் பழைய செய்தியைப் பேரனுக்குச் சொன்னபோது அவன் நடுவர்கள் மேல் கோபப்பட்டான். "அவனுக்குத் தெரிஞ்சிருக்கு இல்ல பாட்டி?" என்று கேட்டான். தெரிந்துதான் இருந்தது. எனக்கும் அந்தப் பையனை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் விதி முன்பே இருந்தது, எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது. நான் நடுவராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கடினமான குறிப்பையும் நான் குறை சொல்ல மாட்டேன். 2011இல் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் என்ற கணினியை ஜெப்பர்டியின் இரண்டு பெரிய வெற்றியாளர்களோடு மோதவிட்டார்கள். 'அமெரிக்க நகரங்கள்' என்ற தலைப்பில் கடைசிக் குறிப்பு வந்தது. ஒரு நகரத்தின் மிகப் பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப்போர் வீரர் ஒருவரின் பெயர், இரண்டாவது பெரிய விமான நிலையத்துக்கு அந்தப் போரில் நடந்த ஒரு சண்டையின் பெயர். ஓஹேர், மிட்வே. நகரம் சிகாகோ. மனிதர்கள் இருவரும் சரியாக எழுதினார்கள். கணினி, கனடாவில் இருக்கிற டொரோன்டோவை எழுதியது. அந்தக் குறிப்பை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காது. ஒரு சொல்கூட வீணாக இல்லை, இரண்டாவது விடைக்கு இடமே இல்லை. நல்ல குறிப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

பிழையான கேள்வி என்பது வேறு. பிரிட்டனின் கோடீஸ்வரர் நிகழ்ச்சியில் 1999இல் ஒரு கேள்வி கேட்டார்கள். டென்னிஸில் ஒரு செட்டை வெல்ல ஒருவர் குறைந்தபட்சம் எத்தனை முறை பந்தை அடித்தால் போதும்? 24 என்பதைச் சரியான விடையாக வைத்திருந்தார்கள். செட்டை வெல்ல ஆறு கேம், ஒரு கேமை வெல்ல நான்கு புள்ளி, புள்ளிக்கு ஓர் அடி. சுலபமான கணக்கு. நான் இதைப் பேரனிடம் கேட்டேன், அவனும் 24 என்றான். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து இருவரும் போட்டுப் பார்த்தோம். ஆறில் மூன்று கேம்களில் சர்வீஸ் போடுவது எதிராளி. அவர் ஒவ்வொரு சர்வீஸையும் இரண்டு தடவையும் தப்பாகப் போட்டால் நம்மவர் மட்டையைத் தூக்காமலே புள்ளி வாங்கிவிடுவார். மீதி மூன்று கேம்களில் தன் சர்வீஸிலேயே நான்கு நான்கு புள்ளி எடுத்தால் போதும். ஆகவே 12. அன்று 24 என்று சொன்னவருக்குப் பணம் கிடைத்தது. 12 என்று சரியாகச் சொல்லக்கூடிய ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் பெரும்பணத்தை இழந்து எழுந்து போயிருப்பார் என்பதை நினைத்தால்தான் எனக்கு மனம் பதறுகிறது.

ஏனென்றால் நானே அப்படி ஒரு பிள்ளையை எழுப்பி அனுப்பியிருக்கிறேன். பள்ளியில் வகுப்புகளுக்கு இடையே நடந்த போட்டி. கேள்விகளை எழுதியதும் நான்தான், கேட்டதும் நான்தான். 'உலகின் மிகப் பெரிய பாலைவனம் எது?' எட்டாம் வகுப்புப் பெண் எழுந்து 'அண்டார்டிகா' என்றாள். தவறு என்று சொல்லி அடுத்த அணிக்குத் தள்ளினேன். அவர்கள் 'சஹாரா' என்றார்கள், அந்த ஒரு கேள்வியில் கோப்பை அவர்களுக்குப் போனது. போட்டி முடிந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "டீச்சர், நான் ஒரு புத்தகத்துல படிச்சேன்" என்றாள். பாடப்புத்தகத்தில் இருப்பதுதான் விடை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறு ஆண்டு பாடத்துக்காக வேறொரு நிலவியல் நூலைப் படித்தபோது உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு வியர்த்துவிட்டது. பாலைவனம் என்பதற்கு மணலோ வெயிலோ அளவுகோல் இல்லை, மழையோ பனியோ மிகக் குறைவாக விழுவதுதான் அளவுகோல். அண்டார்டிகா சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர். சஹாரா சுமார் 90 லட்சம். நான் 'வெப்பப் பாலைவனம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் சஹாரா சரி. சேர்க்கவில்லை. அந்தப் பெண் சொன்னதுதான் சரியான விடை. அதற்குள் அவளுடைய அப்பாவுக்கு மாற்றலாகி அவர்கள் ஊரை விட்டே போயிருந்தார்கள். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் என் தவற்றைச் சொன்னேன், ஆனால் கேட்க வேண்டியவள் அங்கே இல்லை. அன்றைக்கு அவையில் இருந்து யாராவது ஒருவர், ஓர் ஆசிரியரோ ஒரு பிள்ளையோ, "அவள் சொல்வதையும் பாருங்கள்" என்று சண்டை போட்டிருக்கக் கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன்.

ஜெப்பர்டியில் நடுவர்கள் ஆட்டம் நடக்கும்போதே திரும்பிப் பார்த்து, இடைவேளைக்குப் பின் தீர்ப்பை மாற்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குறிப்பின் பிழையால் ஒருவர் தோற்றது பிறகு தெரியவந்தால் அவரை மறுபடி ஆட அழைத்ததும் உண்டு. தமிழில் வினாடி வினா நடத்துகிறவர்களும் இதைச் செய்ய வேண்டும். பார்க்கிறவர்கள் சுட்டிக்காட்டிய பிழையை அடுத்த நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொல்லட்டும்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். சிறுவர் பகுதியில் வாரந்தோறும் வரும் பத்துக் கேள்விகளைப் பேரனுக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அங்கே விடைகளுக்குக் கீழே, சென்ற வாரத் திருத்தம் என்று இரண்டு வரிக்கு இடம் ஒதுக்குங்கள். சென்ற மாதம் உலகின் மிக நீளமான நதி எது என்று கேட்டு, நைல் என்று விடை தந்திருந்தீர்கள். பெரும்பாலான நூல்களில் அப்படித்தான் இருக்கிறது, அதை நான் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் நதி எந்த ஓடையில் தொடங்குகிறது, எந்த முகத்துவாரத்தில் முடிகிறது என்று வைத்து அளப்பதைப் பொறுத்து, அமேசான்தான் நீளம் என்று 2007இல் பிரேசில் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பேரன் அமேசான் என்று எழுதியிருந்தான். அதற்கான காரணத்தை வார இறுதித் தமிழ் வகுப்பில் கற்ற தமிழில் அவனே ஒரு பக்கம் எழுதியிருக்கிறான். எழுத்துப் பிழைகளை நான் திருத்தவில்லை. இத்துடன் இணைத்திருக்கிறேன், தயவுசெய்து படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியை