ஸ்டில்லைப் பார்த்து வரைந்தால் கலை இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் அமெரிக்க கௌபாய் ஓவியங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தக் கால ஓவியர்கள் ரெமிங்டன், ரஸ்ஸல் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் இன்றைய ஓவியர் பில்லி ஷெங்க்கை மட்டும் ‘சினிமா ஸ்டில்லைப் பார்த்து வரைபவர்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஃப்ளெக்ஸ் வரும்வரை நானும் மதுரையில் ஸ்டில்லைப் பார்த்துத்தான் சினிமா பேனர் வரைந்தேன்.

ஷெங்க் 1947-இல் பிறந்தவர். கன்சாஸ் சிட்டியில் ஓவியம் படித்துவிட்டு நியூயார்க் போனார். விளம்பரம், சினிமாப் படங்களையே ஓவியமாக்கிய பாப் ஆர்ட் கொடிகட்டிப் பறந்த காலத்தின் பாதிப்பு அவரிடம் உண்டு. கௌபாய் சினிமா எடுத்த இயக்குநர் செர்ஜியோ லியோனி படங்களின் ஸ்டில்களை எடுத்துப் பெரிய கேன்வாஸில் தீட்டினார். லியோனி இத்தாலிக்காரர், அவர் காட்டிய பாலைவனத்தில் பாதி ஸ்பெயினின் அல்மேரியாவில் இருக்கிறது. கௌபாய் என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கும் முகம் எத்தனை கை மாறி வந்தது என்பதை அந்தத் தேர்விலேயே ஷெங்க் சொல்லிவிட்டார்.

ஸ்டில்லைப் பெரிதாக்குவது பெரிய விஷயமில்லை. கட்டம் போட்டு எடுத்துவிடலாம். கஷ்டம் அதற்கப்புறம்தான். முகத்தில் நிழல் நெற்றியிலிருந்து தாடை வரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நாங்கள் வண்ணத்தைக் குழைத்துக் குழைத்து இறக்குவோம். ஷெங்க் குழைப்பதே இல்லை. தொப்பியின் நிழல் மூக்கில் விழுகிற இடத்தில் ஒரு விளிம்பு. இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் இன்னொரு நிறம், இரண்டும் தட்டையாக. மேகங்களும் அப்படித்தான், ஆரஞ்சும் ரோஸும் ஊதாவுமாகப் பட்டை பட்டையாக நிற்கும். விளிம்பு ஒரு நூல் தள்ளிப்போனாலும் மூக்கு மூக்காக இருக்காது, மறைக்கக் குழைத்த நிழலும் கிடையாது. எந்த நிறத்தை வைப்பது, எதை விடுவது என்று கேமரா சொல்லித் தராது.

ரெமிங்டனும் போட்டோவை நம்பியவர்தான். நியூயார்க் பக்கம் நியூ ரோஷெல்லில் ஸ்டூடியோ வைத்து, போட்டோக்களின் துணையோடு பல படங்கள் வரைந்தார். பாயும் குதிரை, கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கும்போதுதான் அந்தரத்தில் இருக்கிறது என்பதை மைபிரிட்ஜ் என்ற போட்டோகிராபர் 1878-இல் எடுத்த போட்டோக்கள் காட்டின. ரெமிங்டனின் குதிரைக் கால்களில் அந்தப் பாடம் நன்றாகத் தெரியும். (ரஸ்ஸல் வேறு ரகம், மொன்டானாவில் மாடு மேய்த்தவர்.) ரெமிங்டனை யாரும் காப்பி என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. ஷெங்க்குக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு? அவரும் நியூ மெக்ஸிகோவில், சாண்டா ஃபேயில், குதிரைகளோடு வாழ்பவர். குதிரையேறி மாடு பிரிக்கும் போட்டிகளில் இறங்கியவர்.

இன்னொரு வேண்டுகோள். அவர் படத்தைச் சின்னதாக, கறுப்பு வெள்ளையில் போட்டிருந்தீர்கள். நிறம் போனால் அவர் வேலையில் மிச்சம் என்ன? அடுத்த இணைப்பில் அரைப் பக்கத்துக்குக் கலரில் ஒரு படம் போடுங்கள்.

இப்படிக்கு,
சினிமா பேனர் ஓவியர் ஒருவர்,
மதுரை.