போலீஸ் எதற்கு என்று நான் தடுத்த அழைப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிட்னியை அடுத்த புளூ மவுண்டன்ஸ் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். மூன்று சகோதரிகள் பாறையைப் பற்றியும் பள்ளத்தாக்கின் மேல் செல்லும் தொங்கூர்தியைப் பற்றியும் விரிவாக எழுதியவர், நேரம் இருந்தால் காட்டுக்குள் இறங்கி ஒரு நடை போய் வரலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். 2019 ஜூலையில் நானும் என் மருமகனும் அப்படி ஒரு நடைக்குப் போனோம். இரவு முழுவதும் காட்டில் கிடந்தோம். மறுநாள் காலையில்தான் எங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

நான் நில அளவைத் துறையில் குறுவட்ட அளவராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் சிட்னியின் மேற்கே வென்ட்வொர்த்வில்லில் குடியிருக்கிறாள். பார்வையாளர் விசாவில் போய் மூன்று மாதம் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, "கட்டும்பா வரை போய் வருகிறோம்" என்று அந்த மலையிலுள்ள ஊரின் பெயரை மட்டும் மகளிடம் சொல்லிவிட்டு, தயிர் சாதம் கட்டிக்கொண்டு காரில் கிளம்பினோம். எந்தப் பாதையில் நடக்கப் போகிறோம் என்று நாங்கள் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கோல்டன் ஸ்டெயர்ஸ் என்ற படிகளில் இறங்கி, செங்குத்துப் பாறைச் சுவரின் அடிவாரமாகவே நடந்து, ரூயின்ட் காசில் என்ற பாறைக் குவியலை அடைந்தோம். வழியெல்லாம் தைலமரங்கள். ஊட்டியில் இருக்கும் தைலமரங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவைதானே! அந்த வாசனை, அந்தக் குளிர், நீலகிரி என்பதற்கே நேர்ப்பொருளான அந்தப் பெயர் எல்லாமாகச் சேர்ந்து, பழகிய காட்டில் நடப்பதைப் போன்ற துணிச்சலைத் தந்துவிட்டன.

சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குப் பாறைகளிலிருந்து இறங்கினோம். புதருக்குள் மெல்லிய தடம் ஒன்று தெரிந்தது. அது மனிதர் நடந்த பாதையன்று, சிறிய கங்காருவைப் போன்ற வாலபி முதலிய விலங்குகள் போய்வந்த தடம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அரைமணி நேரத்தில் அதுவும் மறைந்துபோயிற்று. மருமகனின் கைப்பேசியில் வரைபடம் வெறும் பச்சைத் திட்டாகத்தான் தெரிந்தது.

நாங்கள் திரும்ப வேண்டிய திசை வடக்கு. நடுப்பகலில் ஆளைவிட நீளமான நிழல் விழுவதை நம் ஊரில் பார்க்க முடியாது. ஓரளவு நீண்ட நிழல் விழுவது மார்கழி, தை மாதங்களில்தான். அது வடக்கே விழும். நாற்பது வருடம் வயலில் நின்று என் கண்ணுக்குப் பழகிய கணக்கு இது. அங்கே ஜூலையில் நல்ல குளிர்காலம். என் நிழல் என்னைவிட நீளமாக விழுந்தது. "அதோ வடக்கு" என்று நிழல் விழுந்த பக்கம் நடந்தேன். பூமியின் தென்பாதியில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், நிழல் தெற்கே விழும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பதற்றத்தில் புத்தி விலகிக்கொண்டது, பழக்கம் முன்னால் நடந்தது. வீட்டுக்குத் திரும்புவதாக நினைத்துக்கொண்டு தெற்கே, மவுண்ட் சாலிட்டரி மலையின் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம்.

"மாமா, இது நாம் வந்த வழி இல்லை" என்று மருமகன் இரண்டு முறை சொன்னார். "நிலம் அளந்தவன் நான், வாருங்கள் மாப்பிள்ளை" என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. மாமனாரிடம் எந்த மருமகன் எதிர்த்துப் பேசுவார்?

மூன்றரை மணிக்கு ஒரு மேட்டில் ஏறியபோது கைப்பேசிக்குச் சிக்னல் கிடைத்தது. அவர் அந்நாட்டின் அவசர அழைப்பு எண்ணான 000-ஐ அழுத்தப் போனார். நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். "போலீஸ் எதற்கு? என் விசாவில் ஏதாவது எழுதிவிட்டால்? ஹெலிகாப்டர் வந்தால் அந்தச் செலவை யார் கட்டுவது? உங்கள் அலுவலகத்தில் தெரிந்தால்?" என்று அடுக்கினேன். அவர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். மேட்டிலிருந்து இறங்கினோம், சிக்னல் போயிற்று. ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிட்டது. சிறிது நேரத்தில் கையை நீட்டினால் விரல் தெரியாத இருட்டு. போனை டார்ச்சாகப் பிடித்து நடந்ததில் அதன் சார்ஜும் தீர்ந்தது.

கட்டும்பாவில் ஜூலை இரவு இரண்டு, மூன்று டிகிரி வரை குளிரும். விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மறைவில் பெரணி இலைகளைப் பறித்துப் போட்டு உட்கார்ந்தோம். அவர் தம் ஜாக்கெட்டைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டு, வெறும் பனியனும் சட்டையுமாக இரவெல்லாம் நடுங்கினார். எனக்கு இரத்த அழுத்த மாத்திரை போடும் நேரம் தவறிப்போயிற்று. இதை எழுதும்போதும் அந்த மேட்டில் நான் பிடித்துத் தடுத்த கைதான் கண் முன்னால் நிற்கிறது.

இரவு எட்டு மணிக்கு மகள் காவல்துறையை அழைத்தாள். அவர்கள் கேட்டவற்றைப் பின்னர் சொன்னாள்: எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவதாகச் சொன்னார்கள், என்ன நிறச் சட்டை, என்ன மருந்து சாப்பிடுகிறார்கள், காலணியின் அடிப்பாகம் எப்படி இருக்கும். மருந்தைத் தவிர வேறெதற்கும் அவளிடம் பதில் இல்லை. ஒவ்வொரு பாதையின் தொடக்கத்திலும் கார் நிற்கிறதா என்று தேடிப் போய், எங்கள் காரைக் கண்டுபிடிக்கவே இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. அவள் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்திருந்தால் அந்த மூன்றரை மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

விடிந்து வெகுநேரம் கழித்து விசில் சத்தம் கேட்டது. பிறகு அமைதி. ஊதிவிட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் நின்று, மூச்சையும் அடக்கிக் காது கொடுப்பார்களாம். அடுத்து "கூ...யீ" என்று ஒரு நீண்ட குரல். அந்நாட்டுப் பூர்வகுடிகளான தாருக் மக்களின் மொழியிலிருந்து எல்லாரும் எடுத்துக்கொண்ட அழைப்பு அது. வயலுக்கு வயல் "கூ" கொடுத்து வளர்ந்தவன் நான். தொண்டை வறண்டிருந்தாலும் பதிலுக்குக் கூவினேன்.

ஆரஞ்சு நிற உடையில் வந்தவர்கள் எஸ்.இ.எஸ். என்ற மாநில அவசரகாலச் சேவையின் தன்னார்வலர்கள். ஒருவர் குழாய் வேலை செய்பவர், இன்னொருவர் பள்ளி ஆசிரியை. சம்பளம் கிடையாது. இரவெல்லாம் தூங்காமல் எங்களுக்காக நடந்திருந்தார்கள். ஒருவர்கூடக் கடிந்துகொள்ளவில்லை. எங்களிடம் ஒரு காசு கேட்கவில்லை. என் விசாவுக்கும் ஒன்றும் நேரவில்லை. அதே விசாவில் மறுபடியும் போய் வந்துவிட்டேன். நான் பயந்த எதுவுமே நடக்கவில்லை.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. 2006 டிசம்பரில் அதே மவுண்ட் சாலிட்டரி நடையில் 17 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன், கடும் வெயிலில் தண்ணீர் தீர்ந்து, நண்பர்களைப் பிரிந்து, 000 எண்ணைப் பல முறை அழைத்தான். எதிர்முனையில் திரும்பத் திரும்பத் தெருப் பெயரைக் கேட்டார்கள். காட்டுக்கு ஏது தெரு? பல நாள் தேடலுக்குப் பிறகு உடல்தான் கிடைத்தது. மரண விசாரணையில் இது பெரிதாகப் பேசப்பட்டது. இன்று 'எமர்ஜென்சி பிளஸ்' என்ற செயலி, நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் திரையில் காட்டுகிறது. அழைக்கும்போது அந்த எண்களைப் படித்துச் சொன்னால் போதும். சிக்னலே கிடைக்காத இடத்துக்கு, கைக்கடக்கமான அவசர இடங்காட்டிக் கருவி உண்டு. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கான்பெராவிலுள்ள மீட்பு மையத்துக்குச் செய்தி போகும். அதைக் கட்டும்பா காவல் நிலையத்தில் இலவசமாக இரவல் தருகிறார்கள். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் எழுதிப் பதிவுசெய்ய ஒரு படிவமும் வைத்திருக்கிறார்கள். இவ்வளவையும் தாண்டித்தான் நாங்கள் காரில் போனோம்.

நம் ஊரிலிருந்து பெற்றோர் பலர் கோடை வெயிலுக்குத் தப்பி, மே, ஜூன் மாதங்களில் பிள்ளைகளிடம் போகிறார்கள். அங்கே அது குளிர் தொடங்கும் காலம், ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும் காலம். அவர்களிடம் நான் கேட்பது: வழி தவறிவிட்டோம் என்று தெரிந்த நிமிடமே நில்லுங்கள். சிக்னல் இருக்கும் இடத்தை விட்டு அசையாமல் 000-ஐ அழையுங்கள். உடன் வரும் இளையவர் "இது வழி இல்லை" என்றால், வயதை ஒதுக்கி வைத்துவிட்டுக் காது கொடுங்கள்.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. இனி இத்தகைய பயணக் கட்டுரைகளை வெளியிடும்போது, அந்த மாதத்தில் அங்கே பொழுது சாயும் நேரத்தையும் அவசர அழைப்பு எண்ணையும் பக்கத்திலேயே ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுங்கள். பத்து வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற குறுவட்ட அளவர்,
மன்னார்குடி