நிறுத்தத் தெரிந்த சார்ஜர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் நேற்று வந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூன்று மாதம் பைக்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை இரண்டே வரியில் முடித்துவிட்டு, அதுவரை பேட்டரி என்ன கதி ஆகும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். முப்பது வருஷமாக உன்னைப் பார்க்கிறவன் நான், அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. காலைப் பொறுத்தவரை டாக்டர் சொல்வதை மட்டும் கேள், மாடிப்படியில் அவசரம் காட்டாதே. பேட்டரி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

"சின்னதா ஒரு ட்ரிக்கிள் சார்ஜர் வாங்கி மாட்டிவிட்டால் போதும்தானே?" என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பெயரில்தான் சிக்கல் இருக்கிறது. சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறது என்றதும் பேட்டரிக்கு இதமான காரியம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் குடம் நிரம்பிய பிறகும் சொட்டு நிற்கவில்லை என்றால்? பழைய வகை ட்ரிக்கிள் சார்ஜரைத் திறந்து பார்த்தால் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் நாலு டயோடும்தான் இருக்கும். பேட்டரி காய்ந்து கிடக்கிறதா, நிரம்பிவிட்டதா என்று அதற்குத் தெரியாது. பிளக்கைப் பிடுங்கும் வரை ராப்பகலாகத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது நான் அண்ணன் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேனே, நினைவிருக்கிறதா? கிளம்பும் அன்று அப்படி ஒன்றை மாட்டிவிட்டுப் போனேன். 500 மில்லி ஆம்பியர்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை. சீட்டைக் கழற்றினேன். பேட்டரியின் பக்கவாட்டுச் சுவர் இரண்டு புறமும் உப்பி, வைத்திருந்த கூட்டை இறுக்கிக்கொண்டு வெளியே வர மறுத்தது. டெர்மினலைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கீழே இருந்த இரும்புப் பட்டையில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. முதல் வேலையாக சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கி, கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, வாடை போன பிறகு சாவியைப் போட்டு செல்ஃபை அமுக்கினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத பேட்டரி அது. பிறகு வேறொரு நல்ல பேட்டரியில் அந்த சார்ஜரை அரை நாள் மாட்டி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 15.3 வோல்ட் காட்டியது, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. உடனே கழற்றிவிட்டேன்.

12 வோல்ட் பேட்டரியை 14.4 வோல்ட்டைத் தாண்டித் தாண்டி ஏற்றிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரியத் தொடங்கும். மூடி போட்ட பழைய பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சமாளிக்கலாம். சீல் செய்த பேட்டரியில் போன தண்ணீர் போனதுதான். தகட்டைத் தாங்கும் ஈயச் சட்டமும் அரித்துப்போகும். என்னுடையது 9 ஆம்பியர்-மணி, அதாவது அது பிடிக்கிற மொத்த அளவு. நிரம்பிய அந்த பேட்டரியை அப்படியே நிலையில் வைத்திருக்கச் சில மில்லி ஆம்பியர் போதும். நான் கொடுத்தது 500.

அதற்காக ஒன்றும் மாட்டாமல் விடலாமா என்றால், அதுவும் கூடாது. 1859-இல் காஸ்தோன் பிளாந்தே ஈய-அமில பேட்டரியைச் செய்தார். உன் வண்டியில் இருப்பதும் அடிப்படையில் அதே ரசாயனம்தான். சார்ஜ் இறங்க இறங்க இரண்டு தகட்டிலும் ஈய சல்பேட் படியும். படிந்த சூட்டோடு திரும்ப ஏற்றினால் கரைந்து பழைய நிலைக்கு வந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டிப் படிகமாக இறுகி, அதற்குப் பிறகு எந்த சார்ஜருக்கும் அசையாது. பேட்டரி "செத்துப்போச்சு" என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இந்தச் சங்கதிதான் என்பது என் எண்ணம்.

சும்மா நிற்கிற வண்டியில் சார்ஜ் எங்கே போகிறது என்று கேட்டாயே, இரண்டு வழியில் போகிறது. ஒன்று, பேட்டரி தானாகவே இறங்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் அந்த இறக்கம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதனால் தகரக் கூரைக்கு அடியில் நிறுத்தாதே. இரண்டாவது, சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், அலாரம், இம்மொபிலைசர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். என் வண்டியில் அளந்தேன். 4 மில்லி ஆம்பியர். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு 24 மணி, 96 மில்லி ஆம்பியர்-மணி. தொண்ணூறு நாளைக்குப் போட்டுப் பார், 8.6 ஆம்பியர்-மணி வருகிறது. பேட்டரியே 9தான்! உன் மூன்று மாதம் என்பது ஏறக்குறைய ஒரு முழு பேட்டரி. உன் வண்டியில் ஜி.பி.எஸ். டிராக்கர் வேறு மாட்டியிருக்கிறாய், அது இன்னும் கூடுதலாகக் குடிக்கும்.

நீயும் அளந்து பார்க்கலாம். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியரில் வை. முதலில் 10 ஆம்பியர் ரேஞ்ச், பிறகு மில்லி ஆம்பியர். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைப் போட்டுவிடாதே, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். குனிந்து செய்கிற வேலை இது, தம்பி மகனைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்.

நெகட்டிவ் ஒயரைக் கழற்றியே வைத்துவிட்டால் என்ன என்று உனக்குத் தோன்றும். ஒரு மாதத்துக்குச் சரி. கடிகாரம் உறிஞ்சுவது நிற்கும், ஆனால் பேட்டரி தானாக இறங்குவது நிற்காது.

தினமும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதை நிறுத்தச் சொல். ஐட்லிங்கில் பல வண்டிகளின் சார்ஜிங் ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் கொடுத்தது போக மிச்சம் வைப்பது சொற்பம். இன்ஜினும் முழுச் சூடு ஏறாது. எரியும்போது உண்டாகிற தண்ணீர் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கும். பேட்டரியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து சைலன்சரை உள்ளேயிருந்து துருப்பிடிக்க வைப்பதில் அர்த்தமில்லை.

சரி, எதை வாங்குவது? அட்டைப் பெட்டியில் 'ட்ரிக்கிள்' என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காதே. 'ஆட்டோமேட்டிக்', 'மெயின்டெய்னர்', 'ஃப்ளோட்' என்று போட்டிருக்கிறதா என்று பார். அதையும் நம்பிவிடாமல் பின்பக்கம் எண்களைப் படி. நல்ல சார்ஜர் முதலில் 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றும். பேட்டரி வாங்குகிற மின்சாரம் குறைந்ததும் தானே 13.2க்கும் 13.8க்கும் நடுவில் இறங்கி நிற்கும். இந்த இறங்கி நிற்பதற்குப் பெயர்தான் ஃப்ளோட். சிலது முழுக்க நிறுத்திவிட்டு, வோல்டேஜ் சரிந்ததும் மறுபடி ஏற்றத் தொடங்கும். இரண்டும் நல்லதுதான். நிறுத்தத் தெரியாததை மட்டும் வாங்காதே, யார் சும்மா கொடுத்தாலும்.

ஆம்பியரில் பேராசை வேண்டாம். பேட்டரியின் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு, இன்றைக்கும் தப்பில்லை. 9 ஆம்பியர்-மணிக்கு 0.9 ஆம்பியர். பேட்டரி டெண்டர் ஜூனியர் 0.75, சிடெக் எக்ஸ்எஸ் 0.8, நோக்கோ ஜீனியஸ்1 ஒரு ஆம்பியர் என்று எல்லாமே இந்த அளவைச் சுற்றித்தான் இருக்கின்றன. இந்த மூன்றில் எது உயர்த்தி என்று நான் சண்டை போட மாட்டேன். உன் மச்சினர் தன் காருக்கு வைத்திருக்கும் 10 ஆம்பியர் சார்ஜரைக் கொண்டுவந்து மாட்டுகிறேன் என்றால் மட்டும் கும்பிட்டு அனுப்பிவிடு.

யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் சார்ஜர் தானாக விட்ட இடத்திலிருந்து தொடருமா என்று கேட்டு வாங்கு. பட்டன் வைத்து மோடு தேர்ந்தெடுக்கிற சில சார்ஜர்கள் கரண்ட் திரும்பியதும் ஸ்டாண்ட்பையில் நின்றுவிடும். யாராவது போய் அமுக்க வேண்டும். விளக்கு எரிகிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம், உள்ளே ஒன்றும் நடக்காது. படுத்துக்கொண்டிருக்கிற உனக்கு இது ஆகாது. முடிந்தால் சுற்றுப்புற வெப்பத்துக்கு ஏற்ப வோல்டேஜைத் திருத்திக்கொள்கிற வகையாகப் பார். வெயில் காலத்தில் ஃப்ளோட் கொஞ்சம் குறைய வேண்டும், குளிரில் கூட வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் உன் பேட்டரி என்ன வகை என்று பார்த்துவிடு. போன தடவை லித்தியம் மாற்றப்போவதாகச் சொன்னாய், மாற்றினாயா என்று எழுதவில்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் அதற்கென்று மோடு உள்ள சார்ஜர்தான் வேண்டும். ஈய பேட்டரி சார்ஜரில் சல்பேட்டை உடைக்க வோல்டேஜைத் தூக்கி அடிக்கிற ஒரு மோடு இருக்கும், அது லித்தியத்துக்கு ஆகவே ஆகாது. தானாக இறங்குவதும் அதில் மிகக் குறைவு, எந்நேரமும் மாட்டி வைக்கத் தேவையில்லை. அமிலம் கூழாக இருக்கும் ஜெல் வகை என்றாலும் 14.4 அதிகம், 14.1 அளவோடு நிறுத்த வேண்டும். ஏ.ஜி.எம். (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்த சீல் பேட்டரி) என்று போட்டிருந்தால் ஈய பேட்டரிக்கு மேலே சொன்ன 14.4 கணக்கு அப்படியே பொருந்தும்.

மாட்டும்போது கிளிப்பை நம்பாதே. ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கழற்ற வேண்டிவரும், நழுவினால் பொறி பறக்கும். வளையம் வைத்த ஒயர் ஒன்று சார்ஜரோடு வரும், நடுவில் ஃபியூஸ் இருக்கும். அதை டெர்மினல் போல்ட்டிலேயே நிரந்தரமாகப் பூட்டி, முனையைப் பக்கவாட்டு மூடிக்குக் கீழே கொண்டுவந்துவிடு. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது பாசிட்டிவ் முதலில். முதலில் சார்ஜரை வண்டியோடு இணைத்துவிட்டு அதற்குப் பிறகுதான் சுவரில் ஸ்விட்ச். காற்றோட்டம் இருக்கட்டும், வண்டி மேல் கவர் போட்டு மூடிவிட்டு சார்ஜ் ஏற்றாதே.

மாட்டி இரண்டு நாள் கழித்து மல்டிமீட்டரை வை. 13.5 பக்கம் நின்றால் சார்ஜர் நல்ல சார்ஜர். இன்னும் 14.4 மேலேயே இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. பிறகு சார்ஜரைக் கழற்றி ஒரு ராத்திரி விட்டு, காலையில் பார். 12.7, 12.8 இருந்தால் பேட்டரி தெம்பாக இருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 வந்துவிட்டால் பாதிதான். நிரம்பியதாக சார்ஜர் சொன்ன பிறகும் காலையில் 10.5 காட்டினால் ஒரு செல் போய்விட்டது, சார்ஜர் மேல் பழி போடாமல் புது பேட்டரி வாங்கு. ரொம்பவும் காய்ந்துபோன பேட்டரியை இப்படிப்பட்ட பல சார்ஜர்கள் தொடவே தொடாது, இணைத்தது பேட்டரிதானா என்றே அவற்றுக்குத் தெரியாது. அதனால் காய விடாமல் இந்த வாரமே மாட்டிவிடு.

என் சேதி ஒன்று. கல்லூரி முடித்ததும் நாம் இரண்டு பேரும் பங்கு போட்டு வாங்கினோமே, அந்த வண்டியை மூடி வைத்த இடத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். கார்புரேட்டர் பிசின் பிடித்துக் கிடக்கிறது. டாங்க் உள்ளே துரு. ஆனால் இன்ஜின் ஜாம் ஆகவில்லை, கிக்கரை மிதித்தால் கம்ப்ரஷன் கையால் தொடுவது போலத் தெரிகிறது. அதற்கு 6 வோல்ட் பேட்டரி, மூன்று மூடி, புதிதாகவே வாங்கிவிட்டேன். அதனால் நான் வாங்கிய சார்ஜரில் 6 வோல்ட் மோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் 12 தானா, 6 தானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் ஸ்விட்ச் போடுகிறேன். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஏறி முடிகிற நேரத்தில் ஒவ்வொரு அறையிலும் பொடிப் பொடியாகக் குமிழி வந்து உடைகிறது, காதை வைத்தால் மெல்லிய இரைச்சல். ஃப்ளோட்டுக்கு இறங்கியதும் அந்த இரைச்சல் அடங்கிவிடுகிறது. நேற்று ராத்திரி அது அடங்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ளதை ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்பு. காலையில் அளந்த வோல்டேஜையும், காலை எத்தனை டிகிரி மடக்க முடிகிறது என்பதையும் சேர்த்து எழுது. நீ மிதிக்கிற நிலைக்கு வரும் வரை பழைய வண்டியின் முதல் கிக்கை நான் அடிக்கப்போவதில்லை.

அன்புடன்,
ராஜா