பாசிக்குடாவுக்கு என்னைக் கூட்டிப்போனவர்களுக்கு

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

இலங்கையின் கிழக்குக் கடற்கரையில் இருக்கிற பாசிக்குடா போய் வந்து பத்து நாளாகிறது. நேரில் சொன்ன நன்றி போதவில்லை, அதனால் எல்லோரும் பார்க்கிற மாதிரி இதை எழுதுகிறேன்.

முதலில் என்னோடு வேலை செய்கிற ஏழு பேருக்கும். மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கிற மண்டூருக்குப் படிப்பிக்க வந்த ஐந்து மாதத்தில் நான் ஒரு நாள்கூட ஓய்வு எடுக்கவில்லை. பின்னேரம் வகுப்பு, சனி ஞாயிறு வாசிப்பு வகுப்பு, இரவில் மறுநாளுக்கான தயாரிப்பு. திண்டுக்கல்லில் இருக்கிற அம்மாவிடம் எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு போனை வைத்த பிறகு அழுவேன். மொழி ஒன்றுதானே, இதெல்லாம் ஒரு வெளிநாடா என்று நினைத்து வந்தவள் நான், ஆனால் காய்ச்சல் வந்து படுத்திருக்கும்போது வீடு எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடுகிறது. ஒரு நாள், எழுத்துக் கூட்டத் தடுமாறிய ஒரு சின்னப் பையனிடம் கத்திவிட்டேன். அவன் முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நீங்கள் யாரும் அன்றைக்கு என்னை ஏசவில்லை. மறுநாள் வந்து, போயா (பௌர்ணமி) லீவோடு சனிக்கிழமையும் சேர்த்து வேன் பேசியாச்சு, நீங்க வாறீங்க என்று மட்டும் சொன்னீர்கள்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பை ஏற்றுக்கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு என் வணக்கம். நாற்பது பிள்ளைகளை இந்த வயதில் தனியாகச் சமாளித்தீர்கள். நான் திரும்பி வந்தபோது கரும்பலகையைத் துடைத்து, புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தீர்கள் ஐயா.

விடியற்காலையில், இங்கே பாதை என்று சொல்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்தோம். சூரியன் படுகிற படுவான்கரையில் வேலை செய்கிற நாங்கள், அது எழுகிற எழுவான்கரைக்குப் போகிறோம் என்று மலேசியாவிலிருந்து வந்த தங்கைக்கு வேன் ஓட்டும் அண்ணன் விளக்கிச் சொன்னது நினைவிருக்கிறது. அக்கரையில் இருக்கிற குருமண்வெளியிலிருந்து பாட்டும் பேச்சுமாகப் போனோம். சித்தாண்டி தாண்டியதும் டயர் காற்றுப் போனது. டயர் ஒட்டித் தந்த கடைக்கார அண்ணன், எங்களுக்கெல்லாம் பிளேன்டீயும் வாங்கித் தந்து, பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆக்களிட்ட காசு வாங்க மாட்டன் என்று சொல்லிவிட்டார். அண்ணன், உங்கள் கடைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை, இதை உங்களிடம் யாராவது வாசித்துக் காட்டட்டும்.

அப்புறம் கடல். கச்சான் என்கிற மேல்காற்று வீசுகிற காலத்தில் பாசிக்குடா அலையே இல்லாமல் கிடக்கிறது, வெகுதூரம் உள்ளே நடந்து போனேன், தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை, காலடியில் மணல் தெரிந்தது. அங்கே போய் நின்று சும்மா இருந்தேன். அவ்வளவுதான் செய்தேன். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அடுத்து என்ன வேலை என்று யோசிக்காத ஒரு மணி நேரம் அது.

இப்போது எங்கள் அக்காவுக்கு. அக்கா, இதை எழுதலாமா என்று கேட்டேன், எழுது என்றீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில், நாவலடியில் உங்கள் அம்மாவையும் தம்பியையும் கடல் கொண்டுபோன பிறகு நீங்கள் கடலில் கால் நனைத்ததே இல்லை என்று எனக்கு அன்றைக்கு வரைக்கும் தெரியாது. இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்ததே நீங்கள்தான் என்று தெரிந்தபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை. பகல் முழுக்க எங்கள் பைகளுக்குக் காவலாக மரநிழலில் இருந்தீர்கள், கச்சான் (வேர்க்கடலை) வாங்கி ஒவ்வொருவருக்கும் பங்கு வைத்தீர்கள். வெயில் தாழ்ந்த நேரம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் கையைப் பிடித்தீர்கள். கணுக்கால் நனையும் வரைதான். ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. என் மேல் இவ்வளவு அக்கறை வைக்க நான் உங்களுக்கு என்ன செய்தேன் அக்கா?

இரவு தங்க இடம் தந்த கல்குடா மாமிக்கும் சொல்ல வேண்டும். எட்டுப் பேருக்குப் பிட்டு அவித்து, மீன் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்து, சட்டித் தயிரில் பாணி (பாகு) ஊற்றி, சாப்பிடு மனே, சாப்பிடு மனே என்று பக்கத்திலேயே இருந்தீர்கள். செத்த பவளப்பாறையில் கீறிய என் காலை நீங்கள் கழுவி மருந்து போட்டபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் அழுதேன், வலியால் இல்லை.

கரையில் பொறுக்கிய சோழிகளில் பெரியதை அந்தச் சின்னப் பையனிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். காதில் வைத்துப் பார்த்துவிட்டு, டீச்சர், நீங்க திரும்பி இந்தியாவுக்குப் போயிட்டீங்க எண்டு நினைச்சன் என்றான்.

மாமி, வழிக்குச் சாப்பாடு கட்டித் தந்த கேரியர் என்னிடம்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் தர மாட்டேன். அம்மா பருப்புப்பொடி இடித்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், அது வந்ததும் நானே கொண்டு வருகிறேன்.